ஒன்பதாவது கைக்குப் பிறகு

பத்தாவது கை முடிந்த பிறகும் பாட்டு நிற்கவில்லை.

நாகஜோதி ஓவர்லாக் மிஷினுக்கு அடியில், வெட்டி வந்த துணிக் கட்டுகளுக்கு நடுவே, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தைக்கத் துணி இல்லாவிட்டாலும் மனசுக்குள் டி-ஷர்ட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டேதான் இருந்தாள். அவளிடம் இருந்த கடிகாரம் அது ஒன்றுதான். கைத்துணியை எடுத்து, உடம்புத் துணியோடு சேர்த்துப் பிடித்து, பெடலை அழுத்தி, வளைத்து ஓட்டி, நூலை அறுத்துப் போட்டால் ஒரு கை. பாட்டு ஆரம்பித்ததிலிருந்து சரியாக ஒன்பது கை. ஒன்பதாவது முடிவதற்குள் கண் இருட்டிவிடும், அப்புறம் அவள் அவளில்லை. இந்தக் கம்பெனிக்கு வந்த நான்கு வருஷத்தில் அதில் ஒரு கை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

பதினொன்று. பன்னிரண்டு.

மேலே அறுபது மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. மிஷின் எண்ணெய் வாசனையும், அயர்ன் மேஜையிலிருந்து வரும் ஈரத்துணி வாசனையும், பக்கத்து லைன் பெண்கள் யாரோ வைத்திருந்த வாடிய மல்லிகை வாசனையும் ஒன்றாகக் கலந்து மேஜைக்கு அடியில் வந்து தேங்கி நின்றன. இந்தச் சத்தம் எதுவும் அந்தப் பாட்டை மூடாது. ஏனென்றால் அது வெளியிலிருந்து வருகிற பாட்டில்லை. வார்த்தை கிடையாது, தாளம் கிடையாது. ஒரு பெண் குரல், பாத்திரம் கழுவிக்கொண்டே தனக்குத்தானே ராகம் இழுப்பது போல இழுத்துக்கொண்டு போகும். கேட்க ஆள் இருக்கிறது என்பதே தெரியாத குரல் அது.

பதின்மூன்றாவது கையில் அந்தக் குரல் தயங்கியது. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு நொடி வாயை மூடுவோமே, அப்படி. பிறகு மறுபடியும் பாட ஆரம்பித்தது. இந்த முறை மெதுவாக, காதோரம், அவள் கேட்பதற்காகவே. அதோடு நின்றுபோனது.

நாகஜோதி விழவில்லை. முழு நினைவோடு, சட்டை முழுக்க வியர்த்து, துணிக் கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க நாகஜோதி, டேபிளுக்கு அடியில என்னங்க பண்றீங்க?" சூப்பர்வைசர் பூபாலன் குனிந்து பார்த்தான். "டார்கெட் கொறையுதுங்க. வேன் ஏத்தோணும் இன்னிக்கு."

"நூல் அந்துருச்சுண்ணே. கோன் உருண்டு இங்கிட்டு வந்துருச்சு."

"கோன் மேலதானுங்க இருக்குது."

அவள் ஏறிட்டுப் பார்த்தாள். ஆமாம், கோன் ஸ்டாண்டில்தான் இருந்தது. பூபாலன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

நூல் அறுந்தது என்பது அவளுடைய பழைய தந்திரம். பாட்டு ஆரம்பித்ததும் நூலைச் சுண்டி அறுத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவாள். ஊசிக்கும் கத்திக்கும் எட்டாமல் துணி மேல் விழலாம். இழுப்பு முடிந்து கண் திறந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வருவாள். மிஷினுக்கு அடியில் குட்டித் தூக்கம் போடுகிறவள் என்று லைன் முழுக்கக் கேலி செய்யும். செய்யட்டுமே, தூங்குமூஞ்சி என்று பேர் வாங்கினால் வேலை போகாது. வலிப்புக்காரி என்று பேர் வாங்கினால் போகும்.

வேலை போனால்கூடப் பரவாயில்லை, ஊருக்குள் நூறு கம்பெனி இருக்கிறது. இன்னும் விழுகிறாள் என்கிற செய்தி திருச்சுழிப் பக்கம் போய்விடக் கூடாது. அங்கேதான் அவளைக் கட்டிய ஜெயபாண்டி இருக்கிறான். கல்யாணமான மூன்றாம் மாசம், சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில், பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவள் சோற்று வாளியோடு விழுந்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது. பிள்ளை பிறந்த பிறகு அவன் வீட்டார் கூடி உட்கார்ந்து, வலிப்பு வருகிறவளிடம் பொட்டைப்பிள்ளையை விட்டுவைக்க முடியாது, நாங்களே வளர்த்துக்கொள்கிறோம் என்று தீர்த்துச் சொன்னார்கள். அன்றிரவே இரண்டு வயசு சித்ராதேவியை இடுப்பில் வைத்துக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறியவள்தான் நாகஜோதி. இப்போது சித்துவுக்கு ஆறு வயசு. அவளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்கிற பயத்தைத் தவிர நாகஜோதிக்கு இந்த உலகத்தில் வேறு பயம் இருந்ததில்லை, அந்தப் பதின்மூன்றாவது கை வரைக்கும்.

யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். விழாமல் நாற்பது நாள் ஆகிறது. பெரியாஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த டாக்டரம்மாதான் இன்னொரு மாத்திரை சேர்த்து எழுதிக் கொடுத்தார். மற்ற டாக்டர்கள் கேட்காததை எல்லாம் கேட்டவர் அவர்.

"பாட்டுக் கேட்டதால வலிப்பு வருதா, வலிப்பு வர்றதுக்கு முன்னாடி பாட்டுக் கேக்குதா?"

"முன்னாடி கேக்கும் டாக்டர். வேற யாருக்கும் கேக்காது."

டாக்டரம்மா தலையாட்டினார். சிலருக்குக் குறிப்பிட்ட ஒரு பாட்டைக் கேட்டாலே வலிப்பு வந்துவிடும், சிலருக்கு வலிப்பே பாட்டாகத்தான் ஆரம்பிக்கும், சிலருக்குப் பாட்டுக் கேட்டால் வலிப்புக் குறையவும் செய்யும், எல்லாம் மூளைக்குள் ஓடுகிற மின்சாரத்தின் விளையாட்டு என்று பொறுமையாகச் சொன்னார். "பயப்படாதீங்க. உங்க மூளையில பாட்டு கேக்குற எடத்துல கொஞ்சம் தாறுமாறா ஓடுது, அவ்வளவுதான். மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்திடாதீங்க. ஆமா, அந்தப் பாட்டை முழுசா கேட்டிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர். அதுக்குள்ள விழுந்துருவேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னத்தைச் சொல்ல, அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் வேன் இறங்கி அவள் குடியிருக்கும் காம்பவுண்டுக்குள் நுழைந்தபோது, வீட்டுக்காரம்மா செல்லாத்தாள் குழாயடியில் நின்றிருந்தாள். நான்கு ஒற்றை அறை வீடுகள், நாகஜோதியின் சுவரை ஒட்டிச் செல்லாத்தாள் வீடு, நடுவில் ஒரு குழாய், காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பனியன் துணி பின்னிக்கொண்டு ராப்பகலாக உறுமும் நிட்டிங் ஷெட். பள்ளிக்கூடம் விட்டு வரும் சித்து, அம்மா வரும் வரைக்கும் செல்லாத்தாள் வீட்டில்தான் இருப்பாள்.

"ஏங் கண்ணு, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது? வேல சாஸ்தியா?"

"ஆமாக்கா."

"அது கெடக்குது போ. ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன்." செல்லாத்தாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "இப்பெல்லாம் ஏங் கண்ணு பாடறதே இல்ல?"

"யாரு, நானா?"

"ஆமா, நீயிதான். செவுத்துக்கு அக்கட்டால எனக்கு நல்லாக் கேக்குமே. வார்த்தயே இல்லாம என்னமோ இழுப்பியே, கேக்கக் கேக்க நல்லாருக்கும். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, சத்தத்தையே காணோம்."

நாகஜோதிக்குப் பாடவே வராது. பிள்ளையைத் தூங்க வைக்கக்கூட வாய் திறந்து பாடினவள் இல்லை. போனில் ஏதாவது ஓடியிருக்கும், அதைக் கேட்டுவிட்டு இந்த அக்கா சொல்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளே தவிர, அன்றிரவு சோறு இறங்கவில்லை.

முன்பெல்லாம் மாசத்துக்கு இரண்டு மூன்று தடவை வருகிற பாட்டு, அதற்கப்புறம் தினமும் வர ஆரம்பித்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீண்டது. செவ்வாய்க்கிழமை பதினெட்டுக் கை. புதன்கிழமை இருபத்தாறு. வலிப்புத்தான் வராதே, இனி மேஜைக்கு அடியில் ஒளிய வேண்டியதில்லை, தைத்துக்கொண்டே கேட்கலாம் என்றுதான் முதலில் இருந்தாள். முடியவில்லை. பாட்டு வந்தால் கை கால் எல்லாம் குளிர்ந்துபோகிறது. நீள நீள அந்தக் குரல் பக்கத்தில் வருகிறது. முதலில் நாலு வீடு தள்ளி யாரோ பாடுவது போல இருந்தது. அப்புறம் கம்பெனிக் கேட்டுக்கு வெளியே. அப்புறம் உள்ளேயே, செக்கிங் மேஜைப் பக்கத்தில். குரல் மூச்சு வாங்குவது கேட்டது. பாடிக்கொண்டே நடந்து வருகிறவளுக்கு மூச்சு வாங்குமே, அது.

இன்னொன்றும் கேட்டது. பாட்டுக்கு நடுவே ஒரு இடைவெளி. ராகத்தை இழுத்து, சட்டென்று நிறுத்தி, காத்திருந்து, மறுபடி ஆரம்பிக்கும். யாரோ பதில் பாட வேண்டிய இடம் போல இருந்தது. அல்லது பதில் சொல்ல வேண்டிய இடம்.

வியாழக்கிழமை மத்தியானம் நாற்பத்தொரு கை வரை போனது. நாகஜோதி மேஜைக்கு அடியில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். பாட்டு அவள் மிஷின் காலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. குனிந்தது. கண்ணைத் திறக்காமலே அது குனிந்தது அவளுக்குத் தெரிந்தது. மூச்சு நெற்றியில் பட்டது. பாட்டு முடியப் போகிறது, இன்னும் ஒரே ஒரு கை, முடிந்ததும் இது என்னிடம் எதையோ கேட்கப் போகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது, அறுபது மிஷினும் ஒன்றாக அடங்கின, பெண்கள் ஓவென்று கத்தினார்கள், பாட்டும் நின்றது.

அன்றைக்குச் சாயங்காலமே முடிவு செய்துவிட்டாள். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. இத்தனை வருஷமாக அந்தப் பாட்டை முழுக்கக் கேட்க விடாமல் அவளைக் காப்பாற்றியது எது? விழுந்ததுதான். ஒன்பதாவது கையோடு எல்லாம் இருட்டிவிடும், அந்தக் குரல் அவளிடம் வந்து சேராது. மாத்திரைதான் வலிப்பை நிறுத்திவிட்டு, பாட்டுக்கு வழியைத் திறந்துவிட்டிருக்கிறது. விழுந்தால் முட்டி பெயரும், நாக்கு கடிபடும், அவ்வளவுதானே? அதெல்லாம் பழகிப்போனது. பழகாததுதான் பயம்.

அன்றிரவு மாத்திரை போடவில்லை. வெள்ளிக்கிழமையும் போடவில்லை. சனிக்கிழமையும் போடவில்லை. இரண்டு நாளும் பாட்டு வரவே இல்லை. நாகஜோதி மூன்று கட்டுத் துணியை மளமளவென்று தைத்துத் தள்ளினாள். பூபாலனே வாயைப் பிளந்தான். "பரவால்லீங்களே," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை கோழி எடுத்துக் குழம்பு வைத்தாள். செல்லாத்தாள் சேவூரில் ஒரு சீருக்குப் போவதாகச் சொல்லிப் பட்டுச்சேலையில் கிளம்பினாள். "சாயங்காலம் வந்தர்றேன் கண்ணு. மத்த மூணு ஊட்டுக்காரங்களும் காதர்பேட்டைக்குத் துணி எடுக்கப் போறாங்களாமா. கதவச் சாத்திக்கோ." அவள் போன பிறகு காம்பவுண்டில் ஆளே இல்லை. நாகஜோதி கதவைச் சாத்தி, உச்சியில் இருந்த தாழ்ப்பாளைப் போட்டாள்.

சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே மத்தியான வெயில் அனலாக இறங்கியது. நிட்டிங் ஷெட்டுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. ஆறு நாளும் சுவரை அதிர வைத்துக்கொண்டிருக்கும் உறுமல் இல்லாமல் அந்த அறை காது அடைத்தது போல இருந்தது. குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. சித்து பனியன் வேஸ்ட் மூட்டை மேல் சாய்ந்து, துண்டுத் துணிகளை முடிச்சுப் போட்டுப் பொம்மை செய்துகொண்டிருந்தாள். நாகஜோதி பாயில் படுத்துக் கண்ணயர்ந்தாள்.

பாட்டுக் கேட்டது.

திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். கை தானாக எண்ண ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு. பிறகுதான் புரிந்தது. இது உள்ளே கேட்கவில்லை, வெளியே கேட்கிறது. சித்து பாடிக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்து, துணியை முடிந்துகொண்டே, தனக்குத்தானே இழுத்துக்கொண்டிருந்தாள். அதே ராகம். ஒரு சுரம் பிசகவில்லை. ஒன்பது தாண்டியது. பதின்மூன்றில் தயங்க வேண்டிய இடத்தில் தயங்கியது. நாகஜோதி எண்ணிக்கொண்டே கேட்டாள். நாற்பத்தொன்று வந்தது.

பிள்ளை நிறுத்தவில்லை. மேலே பாடினாள்.

"சித்து!"

"என்னம்மா?"

"இந்தப் பாட்டு... இத எங்கடி கத்துக்கிட்ட?"

"நீ பாடறதுதானே."

"நான் எப்பப் பாடுனேன்?"

"கீழ உழுந்து கெடக்கறப்போ," என்றாள் சித்து, பொம்மைக்குத் தலை கட்டிக்கொண்டே. "நீ சொன்ன மாதிரியே உன்ன எடதுபக்கமாத் திருப்பிப் போட்டு, தலகாணி வெச்சு, பக்கத்துல உக்காந்துக்குவேன். கையில சாவி கீவி ஒண்ணும் வெக்க மாட்டேன். சித்த நேரம் இழுக்கும். அப்பறம் பாடுவே. கண்ணு தெறந்தே இருக்கும், ஆனா என்னப் பாக்க மாட்டே."

நாகஜோதி பாயை விட்டு அவள் பக்கம் நகர்ந்தாள். "பாட்டு முடிஞ்சதும்?"

"பேசுவே."

"என்னனு?"

"வெளிய நிக்கறேன், கதவத் தெறந்து உடுனு கேப்பே. அழுவேம்மா. பாவமா இருக்கும்." சித்து நிமிர்ந்து பார்த்தாள். "உள்ள படுத்துட்டே வெளிய நிக்கறேங்கறியேனு கேட்டேன் ஒருக்கா. உள்ள இருக்கறது நானில்லனு சொன்னே."

"நீ... நீ தெறந்தியா?"

"எப்படித் தெறக்கறது? அம்மா விழுந்தா ஆரு கிட்டயும் சொல்லக் கூடாது, கதவத் தெறக்கக் கூடாதுனு நீதானே சொல்லிருக்கே? தாப்பாளும் எட்டாது." அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "இப்ப எட்டிரும்மா. கடசியா உழுந்தியே, அன்னிக்கு ஸ்டூலு போட்டு ஏறி விரலால தொட்டுட்டேன். அதுக்குள்ள நீ முழிச்சிட்டே."

வெளியே குழாய் சொட்டுவது நின்றது.

நாகஜோதி எழுந்தாள். ஓடிப்போய் அலமாரியிலிருந்த மாத்திரை அட்டையைப் பிய்த்தாள். இரண்டை வாயில் போட்டு வெறுமனே விழுங்கினாள். மூன்று நாள் விட்ட மாத்திரை மூன்று நிமிஷத்தில் வேலை செய்யாது என்று அவளுக்கே தெரியும். தொண்டையில் கசப்பு நின்றது. அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று தன்னையே நெஞ்சில் அடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் விழுந்தால் தப்பித்தோம் என்று நினைத்தாளே. அவள் தப்பித்தாள். பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டுத் தப்பித்தாள்.

அப்போது ஆரம்பித்தது. இந்த முறை உள்ளே.

ஒன்று.

பிள்ளையை வெளியே அனுப்பிவிடலாமா? கதவுப் பக்கம் போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது? கையை எடுத்துவிட்டாள்.

மூன்று. ஸ்டூலைத் தூக்கிப் பரண் மேல் எறிந்தாள். அது இனி யாருக்கும் எட்டாது.

"அம்மா, ஏம்மா ஸ்டூலத் தூக்கி எறியறே?"

ஐந்து. பிள்ளையின் தோளை இரண்டு கையாலும் பிடித்தாள். "சித்து, தங்கம், நான் சொல்றதக் கேளு. யாரு கேட்டாலும் கதவத் தெறக்காத. நான் கேட்டாலும் தெறக்காத."

"நீ கேட்டாலுமா?"

"நான் கேட்டாலும்."

"அப்ப நீ உள்ள வரவே முடியாதே?"

ஏழு. "நான் உள்ளதாண்டி இருக்கேன்! இங்க பாரு, இதுதான் அம்மா. இங்க பாரு!"

சித்து பார்த்தாள். கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது.

எட்டு. பனியன் வேஸ்டை ஒரு கை அள்ளி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பாடக் கூடாது. பேசக் கூடாது. நுனியைப் பல்லால் கடித்தாள். எண்ணெயும் பஞ்சும் நாக்கில் ஒட்டின.

ஒன்பது.

கண் திறந்தபோது முதலில் தெரிந்தது தரை. இடது தோள் சிமெண்டில் பட்டிருந்தது. தலைக்குக் கீழே தலையணை இருந்தது. பிள்ளை ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறாள். வாயில் துணி இல்லை. எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தாள், எச்சிலும் ரத்தமுமாக.

எழுந்திரிக்கப் பார்த்தாள். கை வரவில்லை. கால் வரவில்லை. எப்போதும் விழுந்து எழும்போது கொஞ்ச நேரம் உடம்பு மரத்துக் கிடக்கும், ஆனால் இப்படி இல்லை. விரல்நுனிகூட அசையவில்லை.

பாட்டுக் கேட்டது. கடைசிப் பகுதி. அவள் பாடவில்லை. சித்து பாடவில்லை. கதவுக்கு வெளியே கேட்டது.

நின்றது.

"சித்து." வெளியே நாகஜோதியின் குரல். அவளுடைய தெற்கத்திப் பேச்சு, அவளுடைய களைப்பு, எல்லாம் அப்படியே. "அம்மா வெளிய நிக்கேன்டா. வெயில் சுடுது. தெறந்து விடு."

சித்து கதவடியில் இருந்தாள். வேஸ்ட் மூட்டையை அங்கே இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி, நுனிவிரலில் நின்றுகொண்டிருந்தாள். தாழ்ப்பாளுக்கும் அவள் விரலுக்கும் நடுவே இடைவெளியே இல்லை.

நாகஜோதி கத்தினாள். சத்தம் வரவில்லை. வாய் திறக்கவே இல்லை.

"இரும்மா," என்றாள் சித்து கதவைப் பார்த்து. "அது முழிச்சிருச்சு. என்னயே பாக்குது."

"பாத்தாப் பாத்துட்டுப் போகட்டும். அது ஒண்ணும் பண்ணாது. நீ தெற தங்கம்."

தாழ்ப்பாள் இறங்கியது.

வெயில் அறைக்குள் பாய்ந்தது. தரையோடு தரையாகக் கிடந்தவளுக்கு வாசலில் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. புழுதி படிந்த பாதங்கள். மிஞ்சி போட்ட விரல்கள். பெடல் மிதித்து மிதித்துக் காய்த்துப்போன வலது கட்டைவிரல். எத்தனையோ ராத்திரி எண்ணெய் போட்டுத் தேய்த்த தன்னுடைய விரல், அவளுக்குத் தெரியாதா?

"அம்மா!" சித்து மூட்டையிலிருந்து குதித்து ஓடிப்போய் அந்தக் கால்களைக் கட்டிக்கொண்டாள். கைகள் வந்து அவளைத் தூக்கின. பிள்ளையின் சின்னப் பாதங்கள் தரையை விட்டு மேலே போயின.

"வா, போவம்."

"கதவு?"

"சாத்திரு."

கதவு சாத்தப்பட்டது. வெளியே கொண்டி மாட்டுகிற சத்தம் கேட்டது. அறை இருட்டானது. நாகஜோதி தன் உயிர் முழுவதையும் தொண்டைக்குக் கொண்டுவந்தாள். சித்து என்று ஒரு சத்தம், ஒரே ஒரு தடவை. உதடு பிரிந்தது. மூச்சு ஏறியது. குரல் வந்தது.

வந்தது பேர் இல்லை. வார்த்தையே இல்லாமல், பாத்திரம் கழுவிக்கொண்டே இழுப்பது போல, அந்த ராகம் முதலிலிருந்து வந்தது. நிறுத்தப் பார்த்தாள். வாய் அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

"அம்மா," என்றது கதவுக்கு வெளியே பிள்ளையின் குரல். "உள்ள ஆரோ பாடறாங்க."

"பாடட்டும். நீ திரும்பிப் பாக்காம வா."

காலடிச் சத்தம் குழாயடியைத் தாண்டி, காம்பவுண்டுக் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. நாகஜோதி தரையில் கிடந்து பாடிக்கொண்டிருந்தாள்.